வேரை யாரும் பார்ப்பதில்லை

பிப்ரவரி 9, ஞாயிறு

கூனல் மலையில் இன்று ஒரு ரோடோடென்ட்ரான் பூச்செடியைப் பார்த்தேன். அதற்குப் பெயர் இல்லை. எனக்குத் தெரிந்தவரை இல்லை என்றுதான் எழுத வேண்டும். முப்பது வருடமாக உலர்தாவரக் காப்பகத்தில் குப்பை கொட்டியவளுக்கு அந்த அளவு அடக்கமாவது வேண்டாமா?

உச்சிக்குச் சற்றுக் கீழே, பாசி மூடிய ஓக் மரங்களின் கவட்டையில் ஒரு கூட்டமாக நிற்கிறது. பூ நீளக் குழல். அடியில் வெள்ளை, வாயருகே பழுத்த பப்பாளியின் நிறம். வாசனை பத்தடி தள்ளியே வருகிறது. இலையைத் திருப்பிக் கைலென்ஸ் வைத்துப் பார்த்தேன். பொடிப்பொடியாகச் செதில்கள். ஆக, வைரேயாதான். ரோடோடென்ட்ரான் என்றாலே இமயமலைச் சிவப்புதான் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது குளிர்நாட்டுக் கூட்டம். நம் வெப்பநாட்டு மலைகளில், மரத்தின்மேல் ஒட்டிக்கொண்டு, இலையடியில் செதிலும் விதையின் இரு முனையிலும் வாலுமாக வாழும் கூட்டத்துக்குத்தான் வைரேயா என்று பெயர். இந்த மலைகளில் உள்ள வைரேயாக்கள் எல்லாம் என் கைக்குப் பழக்கம். இது ஒன்றோடும் சேரவில்லை.

கூனல் மலையைச் சமப்படுத்தி ஓட்டல் கட்டப்போகிறார்கள். ஜூலையில் விசாரணைக் கூட்டம். உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடி ஒன்று அங்கே இருப்பதாக நிரூபித்தால் மலையைத் தொட முடியாது. எனக்கு டிசம்பரில் ஓய்வு. இத்தனை வருடம் மற்றவர்கள் வைத்த பெயரையே சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நானாக ஒரு பெயர் வைத்ததில்லை.

பூவோடு ஒரு சாண் நீளத்துக்குக் கிளைகளை நறுக்கிச் செய்தித்தாளில் வைத்து அழுத்திக் கொண்டுவந்தேன்.

வீட்டு வாசலிலேயே இவர் கேட்டார். "என்னா, பேயறைஞ்ச மாதிரி வர்றே?"

"ஒண்ணுமில்ல."

புருஷன் என்றாலும் இவரிடமும் சொல்லவில்லை. பிரிஞ்சாங் சாலையில் பூச்செடித் தோட்டம் வைத்திருக்கும் மனிதர். செடி வாங்க வருகிறவர்களிடம் வாயை விட்டால் சாயங்காலத்துக்குள் பாசார் முழுக்கப் பரவிவிடும். வழக்கமாகத் துருவித் துருவிக் கேட்பவர், இன்று "தேத்தண்ணி கலக்கவா?" என்பதோடு விட்டுவிட்டார். நல்லதாகப் போயிற்று.

பிப்ரவரி 11, செவ்வாய்

காப்பகத்தில் வைரேயாக் கிளைகளை ஒட்டிவைத்த தாள்கள் அத்தனையையும் எடுத்து ஒப்பிட்டேன். குழலின் நீளத்துக்கு ஜாஸ்மினிஃப்ளோரத்தின் அருகே போகிறது. அந்தப் பெயருக்கே மல்லிகைப் பூக்காரி என்றுதான் பொருள். ஆனால் அது சுத்த வெள்ளை. மேலும் இதன் இலை அகலம்.

மேசைப் பக்கம் நவநீதன் வந்தான். ஜனவரியில் கோலாலம்பூரிலிருந்து மாற்றலாகி வந்த டாக்டர் பட்டக்காரன். என் மகன் வயது. சிரித்தால் பல்வரிசை அழகாக இருக்கும், அதனாலேயே நம்பக்கூடாது.

"என்னாக்கா அது, வாசனை வாசல் வரைக்கும் வருது?"

செய்தித்தாளை மூடினேன். "ஊதுவத்தி."

"எந்த மலைல கெடைச்சிச்சு அந்த ஊதுவத்தி?"

பொட்டலத்தை இழுப்பறைக்குள் தள்ளினேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். இந்தச் சிரிப்பு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ பேர் கண்டுபிடித்ததை எவனெவனோ பெயர் போட்டு அச்சடித்த கதையெல்லாம் பார்த்தாயிற்று.

பிப்ரவரி 14, வெள்ளி

கூனல் மலையடியில், சாலையோரம் நவநீதனின் காடி நின்றது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

பிப்ரவரி 23, ஞாயிறு

தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். விதிப்படி தவறு. அரிசி வைக்கும் அலமாரியில், ஈரம் படாமல், மேல்தட்டில். சாவி என் தாலிக்கொடியில்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த இவருடைய விரல்களைப் பார்த்தால் நகத்துக்குள் பச்சைப் பச்சையாகப் பாசி.

"தோட்டத்துல ஏது இவ்ளோ பாசி?"

"தண்ணித் தொட்டிய கழுவுனேன்."

"கை கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது."

எழுந்து நொண்டிக்கொண்டே போனார். மூன்று வருடமாக முட்டி வலி. முருகன் கோயில் படிகூட ஏறுவதில்லை, கீழே நின்றே கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார். பாவமாக இருக்கிறது. தைலம் வாங்க வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

மீண்டும் மலை. சந்தேகப்பட்டது சரி. யாரோ வந்துபோயிருக்கிறார்கள். செடிகளைச் சுற்றிப் படர்ந்திருந்த கொடியை அறுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு செடியின் அடியில் பாசியைப் புதிதாக அள்ளி வைத்து அழுத்தியிருக்கிறது. திருட வருகிறவன் ஏன் செடிக்குப் பாசி போட்டுப் பராமரிக்கிறான் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு விளங்கியது. காய் முற்றும்வரை செடி சாகக்கூடாது அல்லவா, அதற்குத்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கெட்டிக்காரத்தனத்தில் குறைச்சல் இல்லை.

செடிகள் எல்லாம் ஒரே உயரம், பள்ளிக்கூடத்துச் சபைகூடலில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிற மாதிரி. குட்டிச் செடி ஒன்றுகூட இல்லை, கிழட்டுச் செடியும் இல்லை. ஒரே பருவத்தில் முளைத்த கூட்டம் என்று குறித்துக்கொண்டேன். கட்டுரையில் அதற்கு ஒரு வாக்கியம் போதும்.

மார்ச் 18, செவ்வாய்

நவநீதன் இன்று நேராகவே கேட்டுவிட்டான். "அக்கா, அந்தச் செடி வேரைப் பாத்தீங்களா? பக்கத்துல குட்டி ஏதும் மொளைச்சிருந்துச்சா?"

வேராம். புல்லையும் பூண்டையும்தான் வேரோடு பிடுங்கித் தாளில் ஒட்டுவோம். புதர்ச் செடிக்குப் பூக்கிளை போதும். உலகத்தில் எந்தக் காப்பகத்தைத் திறந்து பார்த்தாலும் ரோடோடென்ட்ரான் தாளில் வேர் இருக்காது. இவன் படித்த பல்கலைக்கழகத்தில் இதைச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. அல்லது என்னை வேர் தோண்டப் போகச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே வரப் பார்க்கிறான்.

"நீ ஒன் வேலையப் பாரு" என்றேன்.

முகம் வாடிவிட்டது. வாடட்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைப் புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி கசந்துவிட்டது, வேப்பம்பூ அதிகம். இவர் அதையும் வழித்துச் சாப்பிட்டார். அந்தச் சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன். புதுச்செடி ஒன்று கிடைத்திருக்கிறது, பெயர் வைக்கப்போகிறேன் என்று.

இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஒன் பேரை வைக்க முடியாதா?"

"தன் பேரைத் தானே வச்சுக்கிட்டா ஊரே சிரிக்கும்."

"அப்ப மலை பேரை வையி. கூனல் மலைன்னு இருந்தாத்தான் அதைத் தொட யோசிப்பானுங்க."

எந்த மலை என்று நான் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருப்பேன். வயதாகிறது, சொன்னதே மறந்துபோகிறது.

அந்தப் பெயரைத்தான் நானும் நினைத்திருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே யோசனை வந்ததை நினைத்து வெகுநாளைக்குப் பிறகு மனசு குளிர்ந்தது.

மே 20, செவ்வாய்

பெரிய சண்டை. என் மேசையடியில் உதிர்ந்து கிடந்த பழைய பூவை எடுத்துப்போய் நவநீதன் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறான்.

"மகரந்தத்துல பாதி சுருங்கிக் கெடக்குதுக்கா. கலப்புச் செடியில அப்படித்தான் இருக்கும்."

"என் மேசைல கை வச்சியா?"

"தரையில கெடந்துச்சு."

"என் தரை."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "பொறாமைல பேசல அக்கா. வைரேயாவுல எதோட எதைச் சேர்த்தாலும் காய்க்கும், ஒங்களுக்குத் தெரியாததா? யாராச்சும் வீட்டுல வளர்த்தது அங்க போயிருந்தா? ஜூலை மாசம் ஒங்களை நிக்க வச்சுக் கேப்பாங்க. அங்க ஒங்க பேரு கெட்டுடக்கூடாது."

"கூனல் மலை உச்சியில யாருடா வீடு கட்டியிருக்கான்?"

எழுந்துகொண்டான். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தான். மிரட்டலைக்கூட அக்கறை மாதிரி பேசக் கற்றுவைத்திருக்கிறான். பூந்தூள் பழசானால் சுருங்காதா? மூன்று மாதம் தரையில் கிடந்தால் நானும்தான் சுருங்குவேன்.

ஜூன் 22, ஞாயிறு

காய் எடுக்கப் போனேன். விதையைப் பார்க்காமல் விவரணை முடியாது.

போன வாரக் காற்றில் ஒரு ஓக் கிளை முறிந்து விழுந்திருந்தது. அதிலிருந்த என் செடியும் தலைகீழாகக் கிடந்தது, வேர் மேலே.

அடித்தண்டு சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டுவாய்க்கு மேலே இரண்டு பக்கமும் தோலை நாக்கு மாதிரி நீளமாக உரித்திருக்கிறது. உரித்த ஓரங்களிலிருந்துதான் வேர் விட்டிருக்கிறது. விதையிலிருந்து முளைத்த செடிக்கு அடியில் கத்திக்கு என்ன வேலை? குச்சி வெட்டி நட்டு வளர்த்த செடி இது.

வைரேயாக் குச்சியை வேர்பிடிக்க வைக்கிறவர்கள் ஒரு பக்கம் மட்டும் தோல் உரிப்பார்கள். தோட்டக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். இரண்டு பக்கமும் உரிக்கிற ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும். "ஒரு பக்கம் வேர் விட்டா காத்துக்குச் சாஞ்சிரும் குஞ்சரி" என்று என்னிடமே விளக்கிச் சொல்லிக்கொண்டு, நம் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து உரிப்பவர்.

அங்கேயே பாசியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். வேறு யாரும் இல்லை, எழுதினால் என்ன.

காய் எடுக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

அந்த வேர்த்தண்டைச் செடித்தோட்டத்துக்குக் கொண்டுபோய் இவர் முன்னால் வைத்தேன். தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பார்த்தார். குழாயை மூடினார்.

"முட்டி வலின்னீங்களே."

"வலியும் நெசம்தான். ஏறுனதும் நெசம்தான்."

"எப்ப இருந்து?"

"ஓட்டல் பேச்சு மொதமொத வந்துச்சே, அப்பலேர்ந்து. நம்ம வெள்ளைச் சாதியையும் போர்னியோ மஞ்சளையும் சேர்த்து அஞ்சாறு வருசமாப் பின்னாடி வளர்த்துக்கிட்டிருந்தேன். யாருக்கும் விக்கல. மலைய வெட்டப் போறான்னதும் கொண்டுபோயி வச்சேன்."

பின்கட்டில் வலைக்கூண்டுக்குள் எதையோ வளர்த்தார் என்பது நினைவிருக்கிறது. பூத்து நான் பார்த்ததில்லை. பூக்கும் மாதங்களில் கூண்டுக்குச் சாக்கு கட்டியிருப்பார், பறவை கொத்துகிறது என்பார்.

"என்னைய முட்டாளாக்கிட்டீங்க."

"மலைக்கு ஒரு காவலு. ஒனக்கு ஒரு பூவு. இதுல யாருக்கு நட்டம்?"

"எனக்கு. என் கண்ணுக்கு நட்டம். நான் பாத்துச் சொன்னா அது சரின்னு ஒரு பேரு இருக்கே, அதுக்கு நட்டம். சொல்லியிருந்தா என்னவாம்?"

"சொல்லியிருந்தா செஞ்சிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல." தொட்டி விளிம்பைத் துடைத்தார். "நீ பூவத்தான் பாப்பே, வேரைப் பாக்கமாட்டேன்னு தெரியும். இத்தனை வருசம் ஒன்கூடத்தானே குடும்பம் நடத்துறேன்."

அதுதான் சுருக்கென்று தைத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். மறைத்தவருக்குச் சாப்பிடுகிறவளின் பழக்கமும் தெரிந்திருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

சமைத்தேன். சாப்பிட்டோம்.

ஜூன் 25, புதன்

இன்னும் யாருக்கும் தெரியாது. எனக்கும் இவருக்கும்தான். அந்த வேர்த்தண்டை அடுப்பில் வைத்தால் வேலை முடிந்தது. விதையைப் பற்றிய வரி தவிரக் கட்டுரை தயாராக இருக்கிறது. மலை பிழைக்கும். தொடுவானம் வரை ஓட்டல் விளக்கு இல்லாமல் இருக்கும். மலை பிழைத்தால் அதில் என்ன பொய் என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கிறது. காலையிலிருந்து கேட்கிறது. பதில் சொல்லச் சோம்பலாக இருக்கிறது.

ஆனால் காய்கள் பழுப்பேறியிருந்தன. அதையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இந்த வாரமோ அடுத்த வாரமோ வெடிக்கும். இரு முனையிலும் வால் வைத்த விதை, தூசி மாதிரி, காற்றில் ஏறினால் மலை முழுக்கப் போகும். பக்கத்து மரங்களிலேயே எங்கள் பழைய வெள்ளைப் பூக்காரி, அந்த ஜாஸ்மினிஃப்ளோரம், நிற்கிறாள். நாளைக்கு அவளோடு இது கலந்தால், காப்பாற்றவேண்டிய மலையில் எது மலையின் பிள்ளை, எது எங்கள் வீட்டுப் பின்கட்டின் பிள்ளை என்று எவளாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்புறம் நான் எழுதுகிற எந்தப் பெயருக்கும் அர்த்தம் இல்லை.

ஜூன் 26, வியாழன்

பாசாரில் நாசி லெமாக் சோறு இரண்டு பொட்டலம் வாங்கிப்போய் நவநீதன் மேசையில் வைத்தேன்.

"பசியாறியாச்சா?"

"இன்னும் இல்லக்கா." என்னையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தான். விஷம் வைத்திருக்கிறேனோ என்று சந்தேகப்பட்டிருப்பான், நியாயம்தான்.

"நீ சொன்னது சரி. கலப்புச் செடி. நட்டுவச்சது. ஞாயித்துக்கெழமை எல்லாத்தையும் பிடுங்கணும், வர்றியா? ஒன்னைய நான் ரொம்ப மோசமா நெனச்சுட்டேன்."

"மலையடியில என் காடியப் பாத்தீங்கல்ல? அதுக்கப்புறம்தான் மொறைக்க ஆரம்பிச்சீங்க. அங்க ஒரு ஆளு நல்ல இஞ்சித் தேத்தண்ணி போடுறாருக்கா."

சிரித்துவிட்டேன். "யாரு நட்டதுன்னு கேக்கமாட்டியா?"

பொட்டலத்தைப் பிரித்தான். "கேக்கலக்கா."

ஜூன் 29, ஞாயிறு

மூன்று பேரும் ஏறினோம். இவர் கோலூன்றி, ஒவ்வொரு மேட்டிலும் நின்று நின்று. வரவேண்டாம் என்றேன். "நான் வச்சதை நான்தான் எடுப்பேன்" என்றார்.

காய்களை முதலில் பறித்துப் பையில் கட்டினோம். பிறகு செடிகள். இவர் பிடுங்கவில்லை, பாசிக்குள் விரலை விட்டு வேரை ஒவ்வொன்றாகக் கழற்றினார், மரத்துக்கு வலிக்காமல். நவநீதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓக் இலையை ஆராய்வதுபோல நின்றான். விழுந்து கிடந்த செடியில் காய்கள் சில ஏற்கெனவே வெடித்துக் காலியாக இருந்தன. நான் பார்த்தேன். வேறு யாரும் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

கடைசிச் செடியை எடுக்கும்போது இவர் சொன்னார். "பூவு நல்ல பூவுதான், இல்ல?"

"நல்ல பூவு" என்றேன். கோபம் தீரவில்லை, ஆனாலும் சொன்னேன். உண்மை அது.

ஜூலை 17, வியாழன்

விசாரணைக் கூட்டம். தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார், இந்த மலையில் வேறெங்கும் கிடைக்காத தாவரம் உண்டா என்று.

"இல்லை" என்றேன்.

இருக்கிற செடிகளைப் பற்றிச் சொன்னேன். பாசியைப் பற்றி, அது பிடித்துவைக்கிற தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். கீழ்ச்சரிவில் ஓட்டலுக்கு அனுமதி. உச்சியைப் பற்றிப் பிறகு பார்க்கலாமாம். 'பிறகு' என்றால் எப்போது என்று யாரும் சொல்லவில்லை.

திரும்பும்போது இவர்தான் காடி ஓட்டினார். வளைவுகள் முடிந்தன. பிறகு சொன்னார். "ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா..."

"தெரியும்."

கீழ்ச்சரிவு எவ்வளவு பெரியது என்று இவருக்கும் எனக்கும் தெரியும்.

டிசம்பர் 19, வெள்ளி

கடைசி வேலைநாள். அரிசி அலமாரித் தாள்களை முன்பே திருப்பி வைத்துவிட்டேன், வளர்ப்புச் செடிகளுக்கான அடுக்கில். இன்று இவரை உள்ளே அழைத்துக் காட்டினேன். சீட்டில் என் கையெழுத்து: தோட்டக் கலப்பு. உருவாக்கியவர், அ. அமிர்தலிங்கம்.

நின்றுகொண்டே நெடுநேரம் படித்தார். "ஒன் எழுத்து அழகு" என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

வேலை இல்லாதவளுக்கு ஞாயிறு என்ன, திங்கள் என்ன. சும்மா ஒரு நடை என்று சொல்லிவிட்டுத் தனியாக ஏறினேன். கீழே மண்வாரி இயந்திரங்கள். சிவப்பு மண் வாய் பிளந்து கிடக்கிறது. பார்க்காமல் கடந்தேன்.

அந்தக் கிளை முறிந்து விழுந்த இடத்தில், அடிமரத்துப் பாசியில் ஒரு நாற்று. என் கட்டைவிரல் நகம் உயரம். நான்கு இலை. அடியில் செதில். ஓரத்தில் லேசாகச் சிவப்பு. வெள்ளைப் பூக்காரியின் குட்டிக்கும் சில சமயம் அப்படிச் சிவக்கும். பூத்தால்தான் நிச்சயமாகத் தெரியும். அதற்கு வருடக்கணக்காகும்.

பாசியை விரலால் விலக்கிப் பார்த்தேன், அடியில் வெட்டு இல்லை. விதையிலிருந்து நேராக இறங்கிய வேர்.

பிடுங்க வேண்டியதுதான். சந்தேகம் இருந்தால் பிடுங்கிவிட வேண்டும், அதுதான் முறை. மழை வந்துவிட்டது. இறங்கிவிட்டேன். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பிட உட்கார்ந்தபோது இவர் கேட்டார். "மேல ஏதாச்சும் விட்டுப்போச்சா?"

"ஒண்ணுமில்ல."

இவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். நகத்துக்குள் பச்சையாக இருந்திருக்க வேண்டும்.

"கை கழுவிட்டு வா" என்றார். "சோறு ஆறுது."